தூக்க முடியாத கம்பளம்

போன மாதம் எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து ஒரு பொருள் வெளியேறியது. நாற்பது வருடம் எங்களோடு இருந்த கம்பளம். அதைப் பற்றி வீட்டில் மூன்று வருடமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. மகன் ஒரு கட்சி, என் மனைவி ஒரு கட்சி, நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது தீர்ப்பு வந்துவிட்டது. என்னைப் போல எழுபதைத் தாண்டிய நண்பர்கள் பலர் வீட்டிலும் இப்படி ஒன்று தரையில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தரையில் விரிக்கும் எந்தப் பொருளையும், வீட்டில் இருப்பவர்கள் தாங்களே தூக்கிக்கொண்டுபோய் மாடியில் காயப்போட முடிந்தால் மட்டும்தான் வைத்துக்கொள்ள வேண்டும். முடியாத நாள் வந்துவிட்டால், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், முடிந்தவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு விதியைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று.

கம்பளம் வந்த கதையைச் சொல்கிறேன். 1985இல் நான் ஏனாமில் யு.டி.சி.யாக இருந்தேன். புதுச்சேரி அரசு ஊழியருக்கு மாற்றல் என்றால் காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றில் ஒன்று. காரைக்கால் என்றால் பெருமூச்சு, ஏனாம் என்றால் அழுகை. மொழி தெலுங்கு, வெயில் நம் ஊரை விட அதிகம், கோதாவரி மட்டும்தான் ஆறுதல். அங்கே ஒரு விடுமுறை நாளில் சக ஊழியர் ஒருவரோடு காக்கிநாடா போய், அங்கிருந்து ரயிலில் ஏலூருக்குப் போனேன். ஏலூரில் கம்பளிக் கம்பளம் நெய்கிறார்கள். பாரசீகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த தொழில் என்று அங்கே சொல்வார்கள். நெய்வது நம் ஊர்த் தறி போலப் படுத்த தறி இல்லை. நிமிர்ந்து நிற்கும் தறி. பாவு நூல் மேலிருந்து கீழே இறங்க, நெய்கிறவர் அதன் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு முடிச்சாகக் கம்பளி நூலைக் கட்டி வெட்டிக்கொண்டே போவார். ஒரு வரிசை முடிந்ததும் இரும்புச் சீப்பு போன்ற ஒன்றால் தட்டி இறுக்குவார். பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு மணி நேரத்தில் ஒரு விரல் அகலம்கூட வளரவில்லை.

அங்கே ஐந்தடிக்கு எட்டடி ஒன்றை வாங்கினேன். ஒன்றரை மாதச் சம்பளம் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு யார் வந்தாலும் அதன்மேல்தான் உட்கார வைத்தாள்.

கடைக்காரர் வயதானவர். காசை எண்ணி வாங்கிக்கொண்டு மூன்று விஷயம் சொன்னார். "தண்ணீர் காட்டுவதைவிடக் காற்றுக் காட்டு. மடிக்காதே, சுருட்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடு." இந்த மூன்றையும் நான் கடைப்பிடித்த வரைக்கும் கம்பளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டதெல்லாம் நான் அவர் பேச்சை மீறியபோதுதான்.

கம்பளம் எப்படிக் கெடுகிறது என்பதை நான் கற்றது வீட்டில் அல்ல, ஆபீசில். நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் அதிகாரியின் அறையில் சுவரோடு சுவராகச் சிவப்புக் கம்பளம் ஒட்டியிருந்தார்கள். ஆணியடித்து ஒட்டியது, எடுக்க முடியாது. ஐப்பசி மழையில் ஜன்னல் ஓரமாக நீர் இறங்கும். கம்பளம் அதைக் குடித்துக்கொள்ளும். மேலே மின்விசிறி ஓடும், மேற்பரப்பு காய்ந்துவிடும், அடியில் மட்டும் ஈரம் அப்படியே இருக்கும். மார்கழியில் அந்த அறைக்குள் நுழைந்தால் நனைந்த நாய் படுத்திருப்பதுபோல ஒரு வாடை. அதிகாரி ஊதுவத்தி ஏற்றச் சொன்னார். ஊதுவத்தியும் நாயும் சேர்ந்து வேறொரு வாடையாயிற்று.

தூக்கி எறிய வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருளை அப்படி எறிய முடியாது. கண்டம் செய்ய வேண்டும். அதற்குக் குறிப்பு எழுத வேண்டும், குழு பார்வையிட வேண்டும், குழுவில் ஒருவர் விடுப்பில் இருப்பார். அந்தக் கோப்பை நான்தான் எழுதினேன். இரண்டு வடகிழக்குப் பருவமழை அந்தக் கோப்பின்மேல் பெய்தது. கடைசியில் கம்பளத்தை உரித்தபோது அடியில் தரை கறுத்துப் போயிருந்தது. கம்பளத்தின் பருத்தி நூல் கையோடு பிய்ந்து வந்தது. அன்றிலிருந்து சுவரோடு சுவராகக் கம்பளம் போடும் பழக்கத்துக்கு நான் எதிரி. குளிர் நாட்டில், வீட்டுக்குள் கணப்பு எரிகிற இடத்தில், அதற்கு ஒரு நியாயம் உண்டு. கடற்கரையில் இருக்கும் நம் ஊரில் எந்த நியாயமும் இல்லை. இப்போது சில புதிய அடுக்குமாடி வீடுகளில் படுக்கை அறையில் குளிர்சாதனம் வைத்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள். மின்சாரம் இரண்டு நாள் நின்றால் தெரியும்.

கம்பளிக்கு ஒரு குணம் உண்டு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் கைக்கு ஈரமாகத் தெரியாது. அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம். "தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது" என்போம். உள்ளே இருக்கும் பருத்திப் பாவு நூல் அதற்குள் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருக்கும். தூசிச் சிற்றுண்ணி என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவன் இருக்கிறது. அது நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று, காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து வாழ்கிறது. காற்று வறண்டால் செத்துவிடும். நம் ஊர்க் காற்றில் அதற்குச் சாவே இல்லை. அதன் கழிவுதான் பல குழந்தைகளுக்குத் தும்மலையும் இழுப்பையும் கொண்டுவருகிறது. பேரப்பிள்ளை விடுமுறைக்கு வந்தவுடன் தும்மத் தொடங்கினால், ஐஸ்கிரீமைத் திட்டுவதற்கு முன் கம்பளத்தைத் திருப்பிப் பாருங்கள்.

சரி, வைத்திருப்பவர்கள் எப்படிப் பராமரிப்பது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் எதிரி அழுக்கு அல்ல, மணல். நம் ஊர் மணல் செருப்போடு வருகிறது, கடற்காற்றோடும் வருகிறது. கம்பளத்தின் அடிவேரில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே நாம் நடக்க நடக்க, அது அரம்போலக் கம்பளியை அறுக்கும். நடைபாதையில் கம்பளம் வழுக்கை விழுவது இதனால்தான். ஆகவே வாரம் இரண்டு முறையாவது மணலை எடுக்க வேண்டும். தென்னந்துடைப்பம் வேண்டாம், இழைகளைப் பிய்க்கும். பூந்துடைப்பத்தால், கம்பளி எந்தப் பக்கம் படிகிறதோ அந்தப் பக்கமாகவே பெருக்குங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது. ஆனால் சுழலும் பிரஷ்ஷை ஓரக் குஞ்சத்தின்மேல் ஓட்டாதீர்கள், சுற்றிக்கொண்டு இழுத்துவிடும். மாதம் ஒருமுறை கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டுங்கள். மணல் தானாகக் கீழே கொட்டும். பிறகு எடுத்துவிட்டுத் தரையைப் பாருங்கள், ஒரு முறம் மணல் இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். காலம் முக்கியம். பொங்கல் கழிந்து, பனி விலகி, மாசி, பங்குனியில் செய்யுங்கள். காற்று இருக்கும், வெயில் கொளுத்தாது. ஒரே கயிற்றில் மடித்துத் தொங்கவிட்டால் அந்த மடிப்பில் நூல் முறியும். கைப்பிடிச் சுவரின்மேல் பழைய பாயை விரித்து அதன்மேல் போடுங்கள். முதுகுப் பக்கம் வெயிலைப் பார்க்கட்டும். முகப்பக்கம் வெயிலைப் பார்த்தால் சாயம் வெளுக்கும். பிரம்பால் தட்டுங்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு மதாம் வீட்டில் இதற்கென்றே பிரம்பில் பின்னிய மட்டை ஒன்று இருந்தது. பெரிய பூவைக் காம்போடு பறித்ததுபோல இருக்கும். சனிக்கிழமை காலையில் அந்த வீட்டுச் சமையல்காரர் அதைக்கொண்டு கம்பளத்தை அடிக்கும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். இழுப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அந்துப்பூச்சியும் கம்பள வண்டும் இன்னொரு தொல்லை. பறக்கிற பூச்சி கம்பளியைத் தின்பதில்லை. அது இடுகிற முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்கிறது. அதற்கு இருட்டு வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. அதனால் சோபாவின் அடியில், பீரோவின் காலடியில்தான் முதலில் ஓட்டை விழும். சுருட்டிப் பரணில் வைத்த கம்பளத்தைவிட நடந்து பழகும் கம்பளம் பத்திரமாக இருப்பது இதனால்தான். மாதம் ஒருமுறை சோபாவைத் தள்ளிப் பெருக்கினால் பாதித் தொல்லை தீரும். பாச்சை உருண்டையை நான் விட்டுவிட்டேன். அதன் ஆவி மூடிய அறையில் மனிதர்களுக்கும் நல்லதல்ல. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு அது இரத்தத்தின் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். கைக்குழந்தை வரும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

இனிக் கறை. கறை பட்ட உடனே நம் கை தேய்க்கத்தான் போகும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கறை உள்ளே இறங்கும், அகலமும் ஆகும். பழைய வெள்ளை வேட்டித் துண்டால் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வாருங்கள். காபி கொட்டினால் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் ஊற்றினால் பால் திரிந்து இழையில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் சிந்தினால் தண்ணீரே வேண்டாம். முகத்துக்குப் போடும் பவுடரைத் தாராளமாகத் தூவி, சில மணி நேரம் விட்டுப் பெருக்கி எடுங்கள், தேவையானால் மறுபடி தூவுங்கள். குழந்தை சிறுநீர் கழித்துவிட்டால் முதலில் ஒற்றி எடுத்து, பச்சைத் தண்ணீரால் இரண்டு முறை ஒற்றி, கடைசியில் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றினால் வாடை போகும். மஞ்சள் பட்டால் சோப்புப் போடாதீர்கள். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும் என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். மஞ்சளுக்கு மருந்து வெயில்தான். அந்த இடத்தை மட்டும் ஒன்றிரண்டு நாள் வெயில் பார்க்க வையுங்கள், வெளுத்துவிடும்.

எதைப் போடுவதற்கு முன்பும், ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் கையை எடுத்துவிடுங்கள். துணி துவைக்கும் பவுடரைக் கம்பளியில் போடவே கூடாது. கம்பளி ஆட்டு ரோமம். நம் தலைமுடி எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருள். நம் தலையில் சலவை பவுடரைப் போட்டுக் குளிப்போமா? பிளீச்சிங் பவுடரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, அது கம்பளியைக் கரைத்தே விடும்.

இவ்வளவும் தெரிந்த நான் 2017இல் ஒரு தவறு செய்தேன். முதுகுவலியால் இரண்டு வருடம் கம்பளத்தை மாடிக்குக் கொண்டுபோக முடியவில்லை. வீட்டுக்கே வந்து இயந்திரத்தால் ஷாம்பு போட்டுத் தருகிறோம் என்று இருவர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். அது ஐப்பசி மாதம். கம்பளம் எதனால் ஆனது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தரையில் கிடந்தபடியே நுரையைப் பொழிந்து, தேய்த்து, உறிஞ்சி எடுத்துவிட்டு, "ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும் சார்" என்று சொல்லிப் போனார்கள். அன்று மாலையே மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. இரண்டு மின்விசிறியை மாற்றி மாற்றி ஓட்டினோம். மூன்றாம் நாள் அந்தப் பழைய ஆபீஸ் வாடை வந்தது. ஐந்தாம் நாள் சிவப்புச் சாயம் சந்தன நிறத்தில் இறங்கி, ஒரு மூலை முழுவதும் வெற்றிலை துப்பியது மாதிரி ஆகிவிட்டது. அந்த மூலையைச் சோபாவுக்கு அடியில் தள்ளினோம். அப்படித் தள்ளியதால் எதிர் மூலை நடைபாதைக்கு வந்தது. அது பிறகு என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

நுரையைக் குறை சொல்ல மாட்டேன். ஊற்றிய தண்ணீர் ஒரு நாளுக்குள் முழுதாகக் காயாது என்றால் கம்பளத்துக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. ஏலூர்ப் பெரியவர் முதல் வாக்கியத்தில் சொன்னதை நான் முப்பத்திரண்டு வருடம் கழித்து மீறினேன்.

பிரெஞ்சில் கம்பளத்துக்குத் "தப்பி" என்று பெயர். எங்கள் பள்ளியில் முசே அந்தச் சொல்லை முதன்முதலில் கரும்பலகையில் எழுதி வாசித்தபோது வகுப்பே சிரித்தது. "கம்பளத்தில் நடந்தவன் தப்பினானா?" என்று ஒரு பையன் கேட்டான், பெஞ்சின்மேல் நின்றான். அறுபது வருடம் கழித்து அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் கிடைத்தது.

2022 ஆவணி. இரவு மூன்று மணி. என் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து கூடத்துக்குப் போனாள். ஈரம் பட்ட கம்பளத்தின் ஓரம் அந்த எதிர் மூலையில் மெல்ல மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. பகலில் நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் நடப்போம். இரவில் கால் தாண்டவில்லை. வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பு எலும்பாக இருந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார். முடிக்க வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன்.

அந்த ஆறு வாரம் நான் சமைத்தேன். அவளுக்குத் தலை வாரிவிட்டேன். பின்னல் வரவில்லை, கொண்டையும் வரவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கம்பளத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான் சொன்னான்: "தூக்கிப் போடுங்கப்பா. அம்மாவை விட அது பெரிசா?" அதற்கு அவள் பதில் சொன்னாள்: "விழுந்தது நான். அது என்ன பண்ணும்? அது எங்க ஏனாம் டா."

மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் சொன்னதிலும் இருந்தது. ஏனாமில் எங்களுக்கு யாரும் இல்லை. மகள் அங்கேதான் தவழ்ந்தாள், அந்தக் கம்பளத்தின்மேல்தான் முதல் அடி எடுத்து வைத்தாள். ஆகவே நான் கண்டம் செய்யும் கோப்பைப்போல விஷயத்தை இழுத்தடித்தேன். மூலையில் இரட்டைப் பக்கம் ஒட்டும் டேப் ஒட்டினேன், அடியில் ரப்பர் வலை போட்டேன், இரவு விளக்கு வைத்தேன். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். கம்பளம் வைத்திருக்கிறவர்கள் அவசியம் செய்யுங்கள். ஆனால் ஒட்டிய கம்பளத்தை மாதா மாதம் கவிழ்த்துத் தட்ட முடியாது. வழுக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடே, சுத்தமாக இருக்க விடாமல் செய்தது. நான் எதிர்த்த ஆபீஸ் கம்பளத்தை என் வீட்டிலேயே உண்டாக்கிவிட்டேன் என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆயிற்று.

அதைத் தெரிய வைத்தது புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் நம் ஊரில் வந்து நின்றதை மறக்க முடியாது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். இருட்டில் நாங்கள் இரண்டு பேரும் டேப்பைப் பிய்த்துக் கம்பளத்தைச் சுருட்டப் பார்த்தோம். காய்ந்திருக்கும்போது பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ. தண்ணீர் குடித்தபின் அசைக்கவே முடியவில்லை. எழுபத்து நான்கு வயதில் நான், அறுபத்தெட்டில், முறிந்து சேர்ந்த மணிக்கட்டோடு அவள். ஒரு கட்டத்தில் அவள் கையை விட்டுவிட்டு, "வாங்க, மேல போயிடலாம்" என்றாள். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டோம். கம்பளம் தண்ணீரில் கிடந்தது.

மறுநாள் எதிர் வீட்டுப் பையன்கள் நான்கு பேர் வந்து அதை மாடிக்குத் தூக்கினார்கள். நல்ல தண்ணீரை ஊற்றிச் சேற்றை ஓடவிட்டு, மட்டையால் தள்ளித் தள்ளி நீரை வடித்து, நாற்காலிகளின்மேல் காற்றுப் போகும்படி பரப்பினார்கள். இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூசணம் நிச்சயம். எங்கள் அதிர்ஷ்டம், வெயிலும் காற்றும் வந்தன, பிழைத்தது. அதே தெருவில் ரப்பர் நுரை வைத்துத் தைத்த செயற்கை இழைக் கம்பளங்கள் ஐந்தாறு குப்பைமேட்டில் கிடந்தன. அவற்றை யாரும் காப்பாற்ற முடியாது; நுரை குடித்த சாக்கடைத் தண்ணீர் வெளியே வராது. வெள்ளம் புகுந்த வீட்டில் அப்படிப்பட்டதை மனம் நோகாமல் எறிந்துவிடுங்கள்.

அதே வெள்ளத்தில் எங்கள் வீட்டு பவானி ஜமக்காளமும் நனைந்தது. என் மனைவி ஒரு கையாலேயே சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டாள். மாலையில் காய்ந்துவிட்டது. முரட்டுப் பருத்தி நூல், முடிச்சு இல்லை, ரோமம் இல்லை, இரண்டு பக்கமும் ஒன்றுதான், மணல் ஒளிந்துகொள்ள இடமில்லை. கோரைப் பாயும் அப்படித்தான். உதறினால் சுத்தம், சுருட்டினால் சுவரோரம். நம் முன்னோர் தரையில் எதையும் நிரந்தரமாகப் போட்டு வைக்கவில்லை. வந்தவருக்கு விரித்தார்கள், போனதும் சுருட்டினார்கள். அதை ஏழ்மை என்று நினைத்துத்தான் நான் ஒன்றரை மாதச் சம்பளத்தை ஏலூரில் கொடுத்தேன். அது இந்தக் காற்றுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற ஏற்பாடு என்பது அப்போது புரியவில்லை.

கம்பளம் வாங்கியதற்கு வருந்தவில்லை. நாற்பது வருடத்தில் முப்பது வருடம் என் தோளில் ஏறி மாடிக்குப் போய்க் காற்று வாங்கியது. அந்த முப்பது வருடமும் புதுசுபோல இருந்தது. நான் தூக்க முடியாமல் போன பிறகும் அதைத் தரையில் வைத்திருந்தேன் பாருங்கள், அதுதான் தவறு. அதனால் ஒரு மூலை கெட்டது, ஒரு மணிக்கட்டு முறிந்தது.

போன மாதம் மகள் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தாள். அந்த ஊர்க் காற்று நம்முடையதைவிட வறண்டது. வீட்டில் தூக்குவதற்கு வாட்டசாட்டமாக இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். என் மனைவிதான் முடிவு செய்தாள். "அவ நடந்து பழகின இடம், அவகிட்டயே போகட்டும்" என்றாள். பிளாஸ்டிக் தாளில் சுற்றக் கூடாது, உள்ளே ஈரம் வியர்க்கும் என்று சொல்லி, என் பழைய வேட்டி இரண்டில் சுற்றிக் கொடுத்தோம். மேலே சொன்ன பராமரிப்பையெல்லாம் ஒரு தாளில் எண் போட்டு எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தேன். குமாஸ்தா புத்தி எங்கே போகும்?

கடைசியாக ஒன்று. பெரிய கம்பளம் இல்லாத வீட்டிலும் கட்டிலோரம் ஒரு சின்ன விரிப்பு இருக்கும். பிரெஞ்சில் அதற்குப் பெயர் "தெசாந்த் து லி", படுக்கையிலிருந்து இறங்கும் இடம். நம் வயதுக்காரர்கள் தூக்கக் கலக்கத்தில், கண்ணாடி போடாமல், அவசரமாகக் கால் வைக்கிற இடமும் அதுதான். இன்று படுக்கப் போகும் முன் அதை ஒருமுறை காலால் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால், எடுத்து வைத்துவிடுங்கள்.

எங்கள் கூடத்தில் இப்போது வெறும் காவித் தரைதான். கம்பளம் கிடந்த இடம் மட்டும் ஐந்தடிக்கு எட்டடி கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. நடந்து நடந்து மெருகேறினால் சரியாகிவிடும் என்கிறாள் என் மனைவி. காலையில் நான் ஈரத்துணியால் துடைக்கிறேன். அவள் காபியோடு வருவதற்குள் காய்ந்துவிடுகிறது.